யாருடைய இடது?

என் அத்தை பழைய ஓவியங்களுக்கு எக்ஸ்ரே எடுப்பவள். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏன், படத்துக்குக் கை கால் முறிஞ்சுடுச்சா?" கேட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே உண்டு. கேட்ட கேள்விக்குத்தான் வராது. அதனால் எழுதுகிறேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. வயது நாற்பத்தாறு. குள்ளம், ஆனால் நடந்தால் நாம் ஓட வேண்டும். எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது வாயைக் கொடுத்தால், "வந்தவங்களை எல்லாம் உள்ளே வரைக்கும் பார்த்துட்டேன், ஒண்ணுமே இல்லை" என்பாள். மனிதர்களை அவள் எலும்பாகத்தான் பார்க்கிறாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாங்கள் முகத்தைப் பார்ப்போம், அவள் தோள்பட்டையைப் பார்ப்பாள். "பையை வலது தோளுக்கு மாத்துங்க, இடது பக்கம் இறங்கியிருக்கு" என்பதுதான் அவள் அகராதியில் வணக்கம்.

பதினாறு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தாள். போன வருடம் திடீரென்று அதை விட்டுவிட்டு அருங்காட்சியகத்தில் சேர்ந்தாள். முதல் ஒரு வருடம் தற்காலிகம், பிறகு நிரந்தரக் கடிதம் தருவார்கள் என்று ஏற்பாடு. எங்கள் தெரு முனையில் ஏறினால் பதினேழாம் எண் பேருந்து அருங்காட்சியக வாசலிலேயே இறக்கிவிடும். அத்தை ஏற மாட்டாள். நாற்பது நிமிடம் நடந்தே போவாள். கேட்டால், "உடம்புக்கு நல்லது." கொட்டுகிற மழையிலும் உடம்புக்கு நல்லது என்று ஒருத்தி நடந்தால் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். நாங்கள் குடையைக் கொடுத்து அனுப்பினோம்.

அவளுடைய அறை அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்த இடம். சுவருக்கு ஈயத் தகடு அடித்து, கதவுக்கும் ஈயம் வைத்ததில், அந்தக் கதவைத் தள்ளித் திறப்பவர்களுக்கு அன்றைக்கு வேறு உடற்பயிற்சி தேவைப்படாது. இயந்திரம் ஒரு விலங்கு மருத்துவமனை வேண்டாம் என்று தள்ளிவிட்டது. குதிரைக் காலைப் படம் எடுத்துக்கொண்டிருந்த இயந்திரம். "பின்பக்கம் நிற்காதீர்கள், உதைக்கும்" என்ற எச்சரிக்கைத் தாள் இன்னும் அதன் மேல் ஒட்டியிருக்கிறது. அத்தை அதைக் கிழிக்கவில்லை. "உள்ளதைத்தானே சொல்லுது" என்றாள்.

வேலை இப்படி. நடுவில் ஓட்டை விட்ட மேசை மேல் ஓவியத்தை முகம் மேலே பார்க்கப் படுக்க வைப்பாள். அடியில், கறுப்பு உறைக்குள் இருக்கும் ஃபிலிம். மேலே இயந்திரத்தின் மூக்கு. குழந்தையின் விரலுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த சக்தி, ஆனால் அதிக நேரம். பழைய காலத்து ஓவியர்கள் வெள்ளை நிறத்தை ஈயத்தில்தான் செய்தார்கள். எக்ஸ்ரேக்கு ஈயம் என்றால் சுவர், தாண்டிப் போக முடியாது. அதனால் ஈய வெள்ளை பூசிய இடமெல்லாம் ஃபிலிமில் எலும்பு மாதிரி வெளுப்பாகத் தெரியும். மேலே வேறு படம் வரைந்து மூடியிருந்தாலும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், ஈய வெள்ளையை எக்ஸ்ரேயில் மறைக்க முடியாது.

எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு அத்தை கதவுக்குப் பின்னால் போய், பதினாறு வருடப் பழக்கத்தில், உரக்கச் சொல்வாள்:

"மூச்சை இழுங்க... பிடிங்க... அசையாதீங்க... ம், விடுங்க."

இதுவரை எந்த ஓவியமும் அசைந்ததாகப் புகார் இல்லை.

மருத்துவமனையில் ஒவ்வொரு ஃபிலிமின் ஓரத்திலும் இடது, வலது என்று காட்ட ஒரு சின்ன ஈய எழுத்தை வைப்பார்கள். அது படத்தில் வெள்ளையாக விழும். எக்ஸ்ரே ஃபிலிம் ஜன்னல் கண்ணாடி மாதிரி, எந்தப் பக்கமிருந்தும் பார்க்கலாம். எழுத்து நேராகத் தெரிந்தால் ஃபிலிம் நேராக இருக்கிறது, எழுத்து திரும்பித் தெரிந்தால் ஃபிலிமைத் திருப்பிப் பிடித்திருக்கிறோம். அவ்வளவுதான் சூட்சுமம். அருங்காட்சியகத்தில் சேர்ந்த முதல் வாரமே அத்தை ஸ்டோர் கீப்பரிடம் எழுதிக் கொடுத்தாள்: ஈய எழுத்து, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று.

ஸ்டோர் கீப்பர் படித்துவிட்டு, "எழுத்துன்னா இது ஸ்டேஷனரில வருமா, உலோகத்துல வருமா?" என்றார்.

"எதுல வந்தாலும் சரி, வந்தா போதும்."

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா. தப்பான கணக்குத் தலைப்புல வாங்கிட்டா என் தலை போயிடும்."

ஒரு மாதம் பார்த்தாள், இரண்டு மாதம் பார்த்தாள். பிறகு மீன்பிடி சாமான் கடைக்குப் போய், தூண்டில் கயிற்றில் கோர்க்கும் ஈயக் குண்டுகளில் ஒரு பிடி வாங்கி வந்தாள். ஒற்றைக் குண்டு என்றால் இடது. இரட்டைக் குண்டு என்றால் வலது. அதை ஒரு தாளில் எழுதி அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டினாள். எட்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஏனென்றால் அதுவரை வந்ததெல்லாம் சின்னப் படங்கள், ஒரே ஃபிலிமில் அடங்குபவை. மேலே இருக்கும் முகமும் ஃபிலிமில் இருக்கும் முகமும் ஒன்றுதான். குழம்ப வழியில்லை.

பிறகு தானிய வியாபாரி வந்தார்.

ஆள் உயிரோடு இல்லை, படம்தான். ஒரு மீட்டர் உயரம், பழுப்புக் கோட்டு, நேராக நம்மைப் பார்த்து நிற்கும் ஒரு கனத்த மனிதர், கடன் கேட்டவனைப் பார்க்கும் முகம். வரைந்தவர் பெயர் தெரியவில்லை. இரண்டு வரிசையாக, வரிசைக்கு மூன்றாக, ஆறு ஃபிலிம் தேவைப்பட்டது. ஒரு திங்கட்கிழமை அத்தை தனியாகவே எடுத்தாள். ஓவியங்களைச் சுத்தம் செய்து பழுது பார்க்கும் அக்கா அன்றைக்கு விடுப்பு, அவள் பிள்ளைக்குக் காய்ச்சல். அந்த அக்காவுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தவள் நான்தான். நாள் முழுக்கக் குச்சியில் பஞ்சைச் சுற்றி ஓவியத்தின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? மறுநாள் அத்தைக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். கன்னம் பன்னு மாதிரி வீங்கி, இரண்டு நாள் வீட்டில் படுத்துவிட்டாள்.

அந்த இரண்டு நாளில்தான் எல்லாம் நடந்தது. பஞ்சு ஆறு ஃபிலிமையும் வெளிச்சப்பெட்டி மேல் அடுக்கினாள். கதவில் இருந்த தாளைப் படித்தாள். ஒற்றைக் குண்டு இடது, ஆகவே இடப்பக்கம் வைத்தாள். ஓரங்கள் ஒட்டவில்லை. திருப்பி வைத்தாள், ஒட்டியது. எல்லாவற்றையும் திருப்பினாள், எல்லாம் அழகாகப் பொருந்தியது. பொருந்திவிட்டால் சரி என்று நினைக்காத மனிதர் உண்டா? அதோடு, கண்முன்னால் தெரிந்ததைப் பார்த்த பிறகு யாருக்கும் இடம் வலம் ஞாபகம் இருந்திருக்காது.

வியாபாரி ஃபிலிமில் இல்லை. அவரை மெல்லிய பழுப்பில் வரைந்திருந்ததால் எக்ஸ்ரே அவரை மதிக்கவே இல்லை, கழுத்துப்பட்டை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அவர் மீசை இருந்த இடத்தில் ஒரு பெண்ணின் நெற்றி. அதற்குக் கீழே கண், மூக்கு, கொஞ்சம் திறந்த வாய். மார்புக்கு நேரே ஒரு கை. கையில் பிரஷ்.

இடது கை.

அருங்காட்சியக டைரக்டர் மூன்று மாடி இறங்கி ஓடி வந்தாராம். அவர் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை என்பது அங்கே வரலாறு. பார்த்தவுடன் சொன்னார்: "இவதான் ஓவியர்! கண்ணாடி முன்னால நின்னு தன்னையே வரைஞ்சிருக்கா. கண்ணாடியில வலது கை இடது கையாத்தானே தெரியும்!"

இதை நான் வீட்டில் பல் துலக்கும்போது சோதித்துப் பார்த்தேன். உண்மைதான். வலது கையால் துலக்குகிறேன், கண்ணாடிக்குள் இருப்பவளை அப்படியே வரைந்தால் அவள் இடது கையால் துலக்குகிறாள்.

ஆக, பெயர் தெரியாத ஓவியர் ஒரு பெண், அவள் முகமே கிடைத்துவிட்டது. சனிக்கிழமை வரச் சொல்லிப் பத்திரிகைக்காரர்களுக்கு அழைப்பு அனுப்பினார்கள். ஆறு ஃபிலிமையும் ஒட்டிப் பெரிதாக்கி ஒரு ஆள் உயரத்துக்குச் சுவரில் மாட்டினார்கள். அட்டையில் "எக்ஸ்ரே" என்று போட்டு எங்கள் அத்தையின் பெயரும் அச்சானது. புதன்கிழமை சாயங்காலம் அத்தை படுக்கையில் இருப்புக் கொள்ளாமல், வீங்கிய கன்னத்தோடு போய் அதைப் பார்த்தாள். தன் பிள்ளையின் படத்தைச் சுவரில் பார்க்கிற அம்மா அதில் இடம் வலமா பார்ப்பாள்? அன்றைக்கு வீட்டுக்கு வந்து, பல் பிடுங்கிய வாயோடு சிரித்தாள். கோணலாக இருந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மதியம், சட்டம் அடிக்கும் தச்சர் வியாபாரியை மறுபடி சட்டத்துக்குள் மாட்ட வந்தார். அத்தையை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"இந்த ஆணி ஒண்ணு இடிக்குதும்மா. வளைஞ்சு நாக்கை நீட்டிக்கிட்டு நிக்குது."

அத்தைக்கு அந்த ஆணியைத் தெரியும். ஓவியத் துணியை ஓரத்தில் கட்டையோடு சேர்த்து அடித்திருக்கும் ஆணிகளில், மேலிருந்து நாலாவது. ஃபிலிமில் பளிச்சென்று வெள்ளையாக வளைந்து தெரிந்த ஒரே ஆணி.

"இது எப்படி இந்தப் பக்கம் இருக்கு?" என்றாள்.

"பின்னே எந்தப் பக்கம் இருக்கும்? ஆணி என்ன, நடந்தா போகும்?"

அத்தை சுவரைப் பார்த்தாள். சுவரில் மாட்டிய பெரிய படத்தில் வளைந்த ஆணி இடப்பக்கம் இருந்தது. கையில் பிடித்திருந்த ஓவியத்தில் அது வலப்பக்கம் இருந்தது. தச்சர், "அம்மா, நல்லாப் பிடிங்க, விட்டுடாதீங்க" என்றார். அவள் விடவில்லை. சட்டம் மாட்டி முடிக்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கீழ்த்தளத்துக்குப் போய், ஈயக் கதவைச் சாத்திக்கொண்டு, தான் ஒட்டிய தாளையே படித்தாள்.

தப்பு என்னவென்று யாருக்கும் விளங்கும்படி சொல்கிறேன். மருத்துவமனையில் இடது என்றால் நோயாளியின் இடது. படுத்திருப்பவரின் இடது கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் இடது, பார்க்கிற டாக்டரின் இடது அல்ல. அத்தை பதினாறு வருடமாக அப்படித்தான் வைத்தாள். வியாபாரியும் மேசை மேல் மல்லாந்து படுத்திருந்தார். அவருடைய இடது கைப் பக்கம் ஒற்றைக் குண்டை வைத்தாள். அருங்காட்சியகத்தில் இடது என்றால் படத்தைப் பார்ப்பவரின் இடது. எதிரில் நிற்பவருக்கு உங்கள் இடது அவருடைய வலது. பஞ்சு தன் இடப்பக்கம் ஒற்றைக் குண்டை வைத்தாள். எழுத்தாக இருந்திருந்தால் திரும்பியிருப்பதைக் காட்டிக் கொடுத்திருக்கும். குண்டுக்கு ஏது முகம், ஏது முதுகு?

அதனால் சுவரில் இருந்த பெண் முழுக்கத் திரும்பியிருந்தாள். பிரஷ் அவளுடைய வலது கையில் இருந்தது. கண்ணாடி, தன்னையே வரைந்தாள் என்ற பேச்சு, எல்லாம் போச்சு. யாரோ யாரையோ வரைந்த படம்.

அன்று மாலை அத்தை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் ஒரே சட்டையை மூன்றாவது தடவை பிரித்து மடித்தபோது நான் கேட்டேன்.

"அத்தை, அந்தச் சட்டை என்ன தப்பு பண்ணுச்சு?"

சொன்னாள். ஆணியைச் சொன்னாள், குண்டைச் சொன்னாள், அப்புறம் நான் கேட்காத ஒன்றையும் சொன்னாள். ஒன்பது வருடத்துக்கு முன்பு, கூட்டம் நெருக்கித் தள்ளிய ஒரு நாள், ஒரு பேருந்து நடத்துநரின் காலைப் படம் எடுத்தபோது அவள் எழுத்து வைக்க மறந்துவிட்டாள். டாக்டர் ஃபிலிமைத் திருப்பிப் பிடித்தார். நடத்துநர் வலி ஊசியில் அரைத் தூக்கம். விழித்துப் பார்த்தால் நல்ல காலில் மாவுக்கட்டு. எலும்பு டாக்டர் ஊரிலிருந்து திரும்பி அதைக் கழற்ற இரண்டு நாள் ஆனது. கால் குணமாகிவிட்டது. பெயர்தான் குணமாகவில்லை. கேன்டீனிலிருந்து காவலாளி வரை அவளை "இடவலம்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "இடவலம் அக்கா, எனக்கு எந்தக் காது வலிக்குதுன்னு கொஞ்சம் சொல்லுங்க." எட்டு வருடம். அந்த நடத்துநர் வேலை பார்ப்பது பதினேழாம் எண் பேருந்தில்.

நான் குடையை நினைத்துக்கொண்டேன்.

"இன்னும் ஒரு மாசம். கடிதம் வந்திடும்" என்றாள் அத்தை. "இப்போ போய் இடதையும் வலதையும் மாத்திட்டேன்னு சொன்னா, கடிதமும் வராது, அந்தப் பேரும் தேடிக்கிட்டு வந்திடும்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா சனிக்கிழமை என் பேரைப் போட்டு ஒரு பொய்யை ஊருக்கே காட்டுவாங்க."

எனக்கு ஒரு யோசனை வந்தது. அருங்காட்சியகத்தில் என்னை எல்லோருக்கும் தெரியும். காவலாளி மதியம் தூங்கும் நாற்காலியில் "அரும்பொருள் எண் 412. தொடாதீர்கள். உறக்கத்தில் உள்ளது" என்று அட்டை கட்டியவள் நான். மூன்று பார்வையாளர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள். டைரக்டர் என்னை இரண்டு மாதம் உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

"அத்தை, நான்தான் வந்து குண்டை மாத்தி வெச்சேன்னு சொல்லிடு."

"என்னது?"

"விளையாட்டுக்குச் செஞ்சேன்னு சொல்லு. சாட்சியே வேண்டாம். என் மூஞ்சியைப் பார்த்தாலே நம்புவாங்க. எனக்கென்ன, இன்னும் ரெண்டு மாசம் உள்ளே விட மாட்டாங்க. உன் வேலையாவது நிலைக்கும்."

அத்தை சிரித்தாள். முதலில் எனக்கு நம்பிக்கையாக இருந்தது. பிறகு மடித்த சட்டையை என் தலையில் லேசாகத் தட்டினாள்.

"அடி அசடே. போன தடவை நான் பண்ணின தப்புக்கு இன்னொருத்தர் நல்ல கால்ல கட்டுப் போட்டாங்க. இந்தத் தடவையும் அதையே பண்ணச் சொல்றியா?"

சட்டையை வாங்கி அலமாரியில் வைத்தேன். கோணலாக மடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் டைரக்டர் அறையில் பேசியதைப் பஞ்சு கதவருகில் நின்று கேட்டிருக்கிறாள். எனக்கு இரண்டு பேரிடமிருந்தும் கிடைத்தது. இரண்டு கதையும் பொருந்துகின்றன, நான் எதையும் திருப்பி வைக்கவில்லை.

டைரக்டர் முதலில் புரியாமல், "சரி, படத்தைத் திருப்பி மாட்டிட்டா முடிஞ்சுது, இதுக்கா இவ்வளவு?" என்றார்.

"திருப்பினா பிரஷ் வலது கைக்குப் போயிடும் சார்."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். இடது கையைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"ஆணி இருக்கு சார். வாங்க, காட்டறேன்."

அவர் போகவில்லை. மேசை மேல் இருந்த அழைப்பிதழ்களை அடுக்கினார், மறுபடி கலைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சனிக்கிழமை முடியட்டுமே. அப்புறம் மெதுவா, ஆராய்ச்சி வளர வளர... ஒரு ஆணி எந்தப் பக்கம் இருக்குன்னு எவனுக்குத் தெரியப் போகுது?" என்றார்.

"எனக்குத் தெரியும் சார். தச்சருக்கும் தெரியும். அவர் வாய் சும்மா இருக்காது."

பிறகு, யாரும் கேட்காமலே, மருத்துவமனைக் கதையையும் சொன்னாள். கால், கட்டு, இரண்டு நாள், பட்டப்பெயர், எல்லாம். "இது எனக்கு ரெண்டாவது தடவை. வேற யாராவது வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்" என்றாள்.

அங்கேதான் பஞ்சு உள்ளே நுழைந்தாள். "சார், அடுக்கினது நான். ஒட்டலைன்னதும் அக்காகிட்ட ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கேட்கலை. தப்பு யாருதுன்னு எழுதுறதா இருந்தா என் பேரையும் சேர்த்து எழுதுங்க."

டைரக்டர் இருவரையும் பார்த்தார். "ஒருத்தர் மேல கோபப்படவே எனக்கு இன்னிக்கு நேரம் இல்லை. இதுல ரெண்டு பேரா?" என்றார். பிறகு தொலைபேசியை எடுத்து ஒவ்வொரு பத்திரிகையாகக் கூப்பிட்டு, சனிக்கிழமை வர வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார்.

நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும் என்று எழுத ஆசைதான். நிரந்தரக் கடிதம் ஆறு மாதம் தள்ளிப்போனது. பட்டப்பெயரும் வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் காவலாளிக்குத் தெரிந்துவிட்டது, காவலாளிக்குத் தெரிந்தால் கட்டடத்துக்கே தெரிந்த மாதிரி. ஆனால் அங்கே அது வேறு மாதிரி திரும்பிக்கொண்டது. யார் எதைச் சொன்னாலும் எல்லோரும் "யாரோட இடது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "கழிவறை இடப்பக்கம்." "யாரோட இடது?" "கோப்பு வலப்பக்க அலமாரியில." "யாரோட வலது சார்?" டைரக்டரே ஒரு நாள் கூட்டத்தில் தன்னை அறியாமல் கேட்டுவிட்டு முறைத்தாராம்.

ஈய எழுத்துகள் மறுவாரம் வந்தன. பதினோரு மாதம் கழித்து. ஸ்டோர் கீப்பர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "உலோகத் தலைப்புலதான் வாங்கினேன். நல்லவேளை அவசரப்படலை" என்றார்.

அத்தை வியாபாரியை மறுபடி மேசையில் படுக்க வைத்தாள். பஞ்சு கூடவே நின்றாள். கதவில் புதுத் தாள்: "இடது என்றால் பார்ப்பவரின் இடது. படுத்திருப்பவரின் இடது அல்ல." ஆறு ஃபிலிம். "மூச்சை இழுங்க... பிடிங்க..." பஞ்சுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டாளாம். இந்தத் தடவை அந்தப் பெண் சரியான பக்கம் பார்த்தாள். பிரஷ் வலது கையில். ஆணி வலப்பக்கம், மேலிருந்து நாலாவது.

இப்போது சுவரில் இருக்கும் அட்டை இது: "தானிய வியாபாரி. வரைந்தவர் தெரியவில்லை. இவருக்கு அடியில் பிரஷ் பிடித்த ஒரு பெண் இருக்கிறார். அவர் யார் என்பதும் தெரியவில்லை." அந்தக் கட்டடத்தில் நான் படித்த அட்டைகளிலேயே நாணயமானது அதுதான், நான் எழுதிய 412-ஐயும் சேர்த்து. கீழே சின்ன எழுத்தில் அத்தையின் பெயரும் பஞ்சுவின் பெயரும். அத்தை வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலை மழை பெய்தபோது குடையை வாங்கிக்கொண்டு தெரு முனைக்குப் போனவள், நடக்காமல் நின்றாள். நானும் தையல் வகுப்புக்குப் போக அங்கேதான் நின்றேன்.

பதினேழு வந்தது. அத்தை ஏறினாள். பின்னால் நானும்.

நடத்துநர் கொஞ்சம் தொப்பை விழுந்த, நரைத்த மீசைக்காரர். டிக்கெட்டைக் கிழித்து நீட்டியவர் கையை இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, நீங்க அந்த எக்ஸ்ரே ரூம் அம்மாதானே?"

"ஆமா" என்றாள் அத்தை.

"எந்தக் கால்னு ஞாபகம் இருக்கா?"

"அடிபட்டது வலது. கட்டுப் போட்டது இடது. ரெண்டு நாள்."

"ரெண்டே நாளா?" நடத்துநர் ஏமாந்துபோனார். "நான் ரெண்டு வாரம்னு சொல்லிக்கிட்டு இருக்கேனே! ஏம்மா, நல்லா யோசிச்சுப் பாருங்க, ரெண்டு வாரம் இருக்காது?"

"ரெண்டு நாள்தாங்க."

"சரி, மெதுவாச் சொல்லுங்க, முன் சீட்டுக்காரர் காதுல விழப்போகுது. என்கிட்ட இருக்கிற ஒரே நல்ல கதை அதும்மா. ஒன்பது வருஷமா இந்த வண்டியே அதை வெச்சுத்தான் சிரிக்குது."

"மன்னிச்சுக்கங்க" என்றாள் அத்தை. அதை ஒன்பது வருடமாக வைத்திருந்தவள் மாதிரி இல்லை, அவ்வளவு சுருக்கமாகச் சொன்னாள்.

அவர் குனிந்து இரண்டு முழங்காலையும் கதவைத் தட்டுவது மாதிரித் தட்டிக் காட்டினார். "ரெண்டும் ஓடுது. விடுங்க." டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தவர், அருங்காட்சியக நிறுத்தம் வந்ததும் அங்கிருந்தே கத்தினார்: "அம்மா, இறங்கினதும் இடது பக்கமாப் போங்க, வலது பக்கம் பூராவும் தண்ணி!"

அத்தை படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"யாரோட இடது?"

நடத்துநர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், மூடினார், தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அத்தை இறங்கி நடந்தாள், குடையை விரிக்காமலே.